பின்வீட்டு போனும் 2003-ம் வருஷக் கணக்கும்

வீட்டில் நெட் மெதுவாச்சுன்னா உடனே வரும் கேள்வி, "யாரு டவுன்லோடு போட்டிருக்கீங்க?" அதிகம் எடுக்கிறவர்தான் குற்றவாளி என்பது குழாயடி நியாயம். வைஃபையில் இந்த நியாயம் பல நேரம் தப்பாகிவிடும். ஏன் என்பதற்கு ஐம்பது வருஷக் கதை இருக்கிறது.

1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு அலோஹாநெட்டை ஓடவிட்டது. தீவுகளுக்கு நடுவே கம்பி இழுக்க முடியாது, அதனால் ரேடியோ. எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில் அனுப்பும். இரண்டு மோதிக்கொண்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பும். கணக்குப்படி இதில் அதிகபட்சம் 18 சதவீதக் கொள்ளளவுதான் தேறும். பிறகு 'பேசும் முன் கேள்' என்ற விதி சேர்ந்தது. 1997-ல் வந்த 802.11, அதாவது நம்ம வைஃபை, இந்த வம்சத்தில் வந்த பேரப்பிள்ளை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்தது 2005-ல்.

இந்த விதி எல்லாருக்கும் சமமான முறை தரும். யாராக இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒரு பொட்டலம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. இதில் உள்ள ஓட்டையை 2003-ல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் கணக்கோடு காட்டினார்கள். நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு பொட்டலம் 1500 பைட், அதாவது 12,000 பிட். 11 மெகாபிட் வேகத்தில் பேசும் லேப்டாப்புக்கு அதை அனுப்ப சுமார் 1.1 மில்லிசெகண்ட். தூரத்தில் சிக்னல் தேய்ந்து 1 மெகாபிட்டில் பேசும் கருவிக்கு 12 மில்லிசெகண்ட். மாறி மாறி அனுப்பினால், 13.1 மில்லிசெகண்டுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம். இருவருக்குமே 0.9 மெகாபிட்தான்! வேகமானவரும் மெதுவானவர் அளவுக்கு இறங்கிவிடுகிறார். எல்லாருக்கும் ஒரே அளவு குடம்தான். ஆனால் ஒருத்தர் குடத்துக்கு வாய் ரொம்பக் குறுகல்.

மஞ்சூரில் எங்க சொந்தக்காரர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு. ரவுட்டர் முன்கட்டில், நடுவில் தடித்த கல் சுவர்கள். பின்கட்டில் ஒரு காலேஜ் பொண்ணு, கையில் பழைய போன். அவள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு நெட் படுத்துவிடும். "அவளுக்குப் பாஸ்வேர்டு குடுக்காதீங்க"ன்னு பேச்சு வரை போயிடுச்சு.

கேபிள் போட்டு லேப்டாப்பில் பார்த்தேன், முழு வேகம். லைனில் கோளாறு இல்லை. ரவுட்டரில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்த்தால், அந்தப் பொண்ணுதான் கடைசி. ஆனா அவள் போன் இணைந்திருந்த வேகம் 2 மெகாபிட். அதில் 1 மெகாபிட் வீடியோ பார்த்தாலே காற்றில் பாதி நேரம் போச்சு, மறு அனுப்பல்கள் தனி. எடுத்தது குறைவு, பிடித்த நேரம் அதிகம். பின்கட்டுக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்தோம். பாஸ்வேர்டு பேச்சு அதோடு நின்றது.

வைஃபையின் முறையையே மாற்றிய கதை ஒன்று நம்ம தேனிப் பக்கம் நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமத்துக் கண் மையங்களோடு நீண்ட தூர வைஃபையால் இணைக்க பெர்க்லி ஆய்வாளர்கள் வந்தார்கள், டாக்டர் வீடியோவில் நோயாளியைப் பார்க்க. பல கிலோமீட்டர் தூரத்தில் சாதாரண வைஃபை விதி திணறியது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திருப்பதே பெரிய நஷ்டம். அதனால் 'முந்தினவர் பேசலாம்' என்பதை எடுத்துவிட்டு, இரு முனைக்கும் நேரம் ஒதுக்கினார்கள், பதில்களையும் மொத்தமாக அனுப்பினார்கள். 2007-ல் வெளியான அவர்கள் கட்டுரைப்படி டிசிபி வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது.

வயலுக்கு முறைவைத்துத் தண்ணி பாய்ச்சிய நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. ஆளுக்கு இத்தனை நாழிகை என்றுதான் கணக்கு. வீட்டு வைஃபைக்கு அந்த அறிவு வர ரொம்ப நாளாச்சு. 2017-ல் ஒவ்வொரு கருவிக்கும் சமமான காற்று நேரம் தரும் லினக்ஸ் வேலை ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இப்போ சில ரவுட்டர்களில் 'ஏர்டைம் ஃபேர்னஸ்' என்ற பெயரில் இருக்கும்.

உங்க வீட்டிலும் நெட் இழுத்தால், யார் எவ்வளவு எடுக்கிறார் என்று தேடும் முன், ரவுட்டர் பக்கத்தில் ஒவ்வொரு கருவியின் இணைப்பு வேகத்தையும் பாருங்க. ஒற்றை இலக்கத்தில் ஏதாவது தெரிந்தால், ரவுட்டரை அதன் பக்கம் நகர்த்துங்க. ஆளைத் திட்ட வேண்டாம்.