1054-ஆம் ஆண்டில்

நாங்கள் பள்ளியில் படித்தபோது சோழர் ஒரு பாடம், சீனா வேறொரு பாடம், ஐரோப்பா அடுத்த வகுப்பில். ஒரே ஆண்டில் எங்கெங்கே என்ன நடந்தது என்று யாரும் சேர்த்துச் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு அதுவே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. இந்த முறை எடுத்துக்கொண்ட ஆண்டு 1054.

நம் நூல்கள் கொப்பம் போரை இந்த ஆண்டில்தான் வைக்கின்றன. சாளுக்கிய ஆகவமல்லனோடு நடந்த சண்டையில் இராஜாதிராஜ சோழன் யானை மேலேயே மாண்டான். கலைந்து ஓடிய படையைத் தம்பி இராஜேந்திரன் திருப்பி நிறுத்தி வென்று, போர்க்களத்திலேயே முடி சூடிக்கொண்டான். கீவ் நகரில் யாரோஸ்லாவ் மன்னர் காலமானதும் இதே ஆண்டு பிப்ரவரியில்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜூலை மாதம். 4-ஆம் தேதி சீனாவில் சோங் அரசின் வானியலார் ரிஷப ராசிப் பக்கம் ஒரு புது நட்சத்திரத்தைக் கண்டார்கள். 'விருந்தாளி நட்சத்திரம்' என்று பெயரிட்டார்கள். வெள்ளியைப் போலப் பட்டப்பகலில் 23 நாள் தெரிந்ததாம்!

அந்த 23 நாளுக்குள்தான் ஜூலை 16 வருகிறது. அன்று கான்ஸ்டாண்டிநோபிளில், ஹாகியா சோபியா தேவாலயத்தில் வழிபாடு தொடங்கும் நேரம். ரோமிலிருந்து வந்திருந்த கர்தினால் ஹும்பர்ட் உள்ளே போய், அங்குள்ள தலைமை குரு மிக்கேல் செருலாரியஸைச் சபை நீக்கம் செய்யும் ஓலையைப் பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டு வெளியேறினார். பூசையில் புளித்த மாவு அப்பமா, புளிக்காத அப்பமா என்பதும் சண்டைக்கான காரணங்களில் ஒன்று. அவரை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். அனுப்பியவரே போன பிறகு தூதருக்கு என்ன அதிகாரம்? எங்கள் அலுவலகத்தில் இப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால் குமாஸ்தாவே திருப்பி அனுப்பியிருப்பார்! ஆனால் அங்கே பதிலுக்கு அவர்களும் தூதர்களைச் சபை நீக்கம் செய்தார்கள். இரு தரப்பும் அதை விலக்கிக்கொண்டது 1965 டிசம்பரில். 911 ஆண்டுகள்! அதற்குள் இரண்டு சபைகளும் தனித்தனி வழியில் வெகுதூரம் போய்விட்டன.

அந்த நாட்களில் விடியலுக்கு முன் கீழ்வானத்தைப் பார்த்த எவர் கண்ணிலும் அந்த நட்சத்திரம் பட்டிருக்கும். ஹும்பர்ட் பார்த்தாரா, தெரியாது. சீனர்கள் விடாமல் பார்த்து, 1056 ஏப்ரலில் அது மறைந்தது வரை எழுதி வைத்தார்கள். அது வெடித்துச் சிதறிய மிச்சம்தான் இன்று நாம் நண்டு நெபுலா என்று சொல்வது. இன்னும் விரிந்துகொண்டே இருக்கிறது.