தானம் வந்த மாட்டின் பல்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு சட்டக் கல்லூரிகளிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. இரண்டும் வெளி மாநிலத்துத் தனியார் கல்லூரிகள். ஒன்று கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்கிறது, மற்றது கால்வாசியை. அவள் அப்பா சுண்ணாம்பாற்றில் படகு ஓட்டுகிறவர். கடிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் முப்பத்து நான்கு வருடம் அரசுக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால், நோணாங்குப்பத்தில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் அது கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும்.

பாதி தள்ளுபடிக் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், இந்தச் சலுகை ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் தொடரும் என்று இருந்தது. கால்வாசி தருகிறவர்கள் ஐந்து வருடத்துக்கும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். "மார்க் எவ்வளவுக்குக் கீழே போனா நிறுத்துவீங்கன்னு எழுதிக் கேளுங்க. மத்த காலேஜ்ல அஞ்சு வருஷத்துக்கும் தர்றாங்கன்னு அதையும் சேர்த்து எழுதுங்க" என்றேன். மனிதர் பதறிவிட்டார். "தானமா வர்ற மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமாங்க ஐயா? கேக்கப் போய் குடுக்கறதையும் நிறுத்திட்டாங்கன்னா?"

பழமொழியில் தப்பில்லை. ஆனால் படிப்புக்குக் கிடைக்கிற பணம் தானம் என்று எவன் சொன்னது? இந்த நாட்டில் சட்டம் படிக்கப் பணம் தேடியவர்களின் கதைகளைப் புரட்டினால், கொடுத்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைத் திரும்ப எதிர்பார்த்தே கொடுத்திருக்கிறார்கள். அன்று அவருக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காந்தி. 1888-ல் லண்டன் போய் பாரிஸ்டர் ஆக ஆசை, கையில் பணம் இல்லை. போர்பந்தர் சமஸ்தான நிர்வாகி லேலியிடம் உதவி கேட்கலாம் என்று வீட்டில் யோசனை. தோராஜி வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் ஒட்டகம். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரலாமே என்று அந்தப் பையன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒட்டகத்தில் ஏறினான். என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு, குனிந்து இரண்டு கையாலும் வணக்கம் வைத்தான். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த துரை, முதலில் பி.ஏ. முடித்துவிட்டு வா, இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். பேரம் பேச வாய்ப்பே இல்லை. அண்ணன்தான் பணத்தைப் புரட்டினார்.

கொர்னீலியா சொராப்ஜியின் கதை வேறு மாதிரி. புனே டெக்கான் கல்லூரியில் முதல் மாணவியாகத் தேறினார். அந்த இடத்துக்கு வருகிறவருக்கு இங்கிலாந்தில் படிக்க அரசு உதவித்தொகை கிடைக்க வேண்டும். பெண் என்பதால் இல்லை என்றார்கள். இங்கிலாந்தில் சிலர் அதற்காகக் குரல் கொடுத்தார்கள். லேடி ஹாப்ஹவுஸ் முன்னின்று நன்கொடை திரட்ட, பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் பணம் கொடுத்தார். 1889-ல் ஆக்ஸ்போர்டு சேர்ந்தார். 1892-ல் சிறப்பு அனுமதியோடு சட்டத் தேர்வு எழுதித் தேறினார். பட்டத்தை 1922-ல்தான் கையில் கொடுத்தார்கள், முப்பது வருடம் கழித்து! உதவித்தொகையும் அனுமதியும் பட்டமும் தனித்தனிக் கதவுகள் என்பது அவர் கதையில்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது நம் புதுச்சேரிக்கு ஓரளவு சம்பந்தப்பட்டது. 1905-ல் லண்டனில் 'இந்தியா ஹவுஸ்' விடுதியைத் தொடங்கிய சியாம்ஜி கிருஷ்ணவர்மா, இந்தியப் பட்டதாரிகள் அங்கே வந்து படிக்கத் தலைக்கு 2,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தார். அதில் ஒரு நிபந்தனை: பணம் வாங்குகிறவர் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் வேலையோ சம்பளமோ ஏற்கக் கூடாது. அந்த ஏற்பாட்டில் சிவாஜி பெயரிலான உதவித்தொகையைத் திலகரின் பரிந்துரையோடு பெற்று, 1906-ல் சட்டம் படிக்கப் போனவர் சாவர்க்கர். தேர்வுகளில் தேறியும் கிரேஸ் இன் அவரைப் பாரிஸ்டராக ஏற்கவில்லை. அதே இந்தியா ஹவுஸ் வட்டாரத்தில் இருந்தவர்தான் நம் வரகனேரி வ.வே.சு. ஐயர். உதவித்தொகை வாங்கிப் போனவர் அல்லர். லிங்கன்ஸ் இன்னில் படித்து முடித்தும், பட்டம் பெறுவதற்கு எடுக்க வேண்டிய ராஜ விசுவாசப் பிரமாணத்தை எடுக்க மறுத்தார். பிறகு மாறுவேடத்தில் தப்பி 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். கடைசிப் பக்கத்து நிபந்தனை பிடிக்காமல் முழுப் படிப்பையும் விட்டுக்கொடுத்தவர் அவர்.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1838-லேயே சட்டப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். இன்று காலாப்பட்டில் இருக்கிற அரசு சட்டக் கல்லூரிக்கு டாக்டர் அம்பேத்கர் பெயர். இங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்குள் போய், மறுபடி வடக்கே பஸ் மாறிப் போகிற பிள்ளைகள் பெயர்ப் பலகையைத் தினமும் பார்க்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் தன் படிப்புக்காகக் கையெழுத்துப் போட்ட பாண்டு பத்திரத்தைப் பற்றி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்லூரிப் படிப்புக்கே பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். பி.ஏ. முடித்து 1913 ஜனவரியில் அம்பேத்கர் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். பிப்ரவரி 2-ஆம் தேதி அப்பா இறந்துபோனார். அந்தச் சமயத்தில் மகாராஜா சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப எண்ணியிருந்தார். என்ன படிக்கப் போகிறாய் என்ற கேள்விக்கு, சமூகவியல், பொருளாதாரம், குறிப்பாகப் பொது நிதி என்று பதில் சொல்லியிருக்கிறார். படித்து என்ன செய்வாய் என்றதற்கு, தன் மக்களின் நிலையை உயர்த்த வழி தேடுவேன் என்றார். எங்களிடம் வேலையும் செய்துகொண்டு அதையும் எப்படிச் செய்வாய் என்று மகாராஜா சிரித்தாராம். அனுமதி கொடுத்தால் இரண்டையும் செய்வேன் என்று பதில் வந்ததாக வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பேரம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1913 ஜூன் 4-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூன் 15 முதல் மூன்று வருடத்துக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 172 ரூபாய். பதிலுக்கு, குறித்த பாடங்களையே படிக்க வேண்டும், முடித்தபின் பரோடா சமஸ்தானத்தில் பத்து வருடம் வேலை செய்ய வேண்டும். மூன்று வருடப் பணத்துக்குப் பத்து வருட உழைப்பு! நான் வேலையில் இருந்தபோது படிப்பு விடுப்பில் போனவர்களின் பாண்டுக் கோப்புகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இவ்வளவு கனமான ஷரத்தைப் பார்த்ததில்லை. அம்பேத்கருக்கு வயது 22. வேறு வாசலும் இல்லை. போட்டார்.

இதில் சட்டம் எங்கே வருகிறது? பத்திரத்தில் வரவில்லை. அதை அவராகச் சேர்த்துக்கொண்டார். கொலம்பியாவில் 1915-ல் எம்.ஏ. முடிந்தது. ஆராய்ச்சி முடியுமுன் தவணை முடிகிறது. தவணையை நீட்டச் சொல்லிக் கடிதம் எழுதி, 1916-ல் லண்டன் போய், பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்த கையோடு கிரேஸ் இன்னிலும் பெயர் கொடுத்தார். சாவர்க்கரைப் பாரிஸ்டராக ஏற்க மறுத்த அதே இடம்தான். பொருளாதாரம் படிக்க வந்தவன் பாரிஸ்டர் படிப்பையும் சேர்த்துக்கொண்டால் பத்திரத்தின்படி சரியா என்று ஒரு கணக்கர் கேட்டிருப்பார். நானே கேட்டிருப்பேன். நல்ல வேளை, அங்கே நான் இல்லை.

1917-ல் பரோடாவிலிருந்து, உதவித்தொகைக் காலம் முடிந்தது, திரும்பி வா என்று உத்தரவு வந்துவிட்டது. இங்கேதான் அந்த மனிதரின் நிதானத்தைப் பார்க்க வேண்டும். பணம் கொடுப்பவர் அசைய மாட்டார் என்று தெரிந்ததும், கேள்வியை வேறு இடத்தில் கேட்டார். பேராசிரியர் எட்வின் கேனன் பரிந்துரையோடு லண்டன் பல்கலைக்கழகத்திடம் அவகாசம் கேட்டார். 1917 அக்டோபரிலிருந்து நான்கு வருடத்துக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று அனுமதி கிடைத்தது. ஒரு பவுண்டு பெறாத அந்தக் காகிதத்தோடுதான் கப்பல் ஏறினார்.

தனியாக வேறு கப்பலில் அனுப்பிய புத்தக மூட்டைகள் யுத்தத்தில் கடலோடு போயின. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டை வைத்துத்தான் பரோடாவுக்கே போனார். பத்திரத்தில் எழுதாத விஷயங்கள் அங்கே காத்திருந்தன. ராணுவச் செயலாளர் பதவி கிடைத்தது. ஆனால் பியூன்கள் கோப்பைக் கையில் கொடுக்காமல் மேசையில் வீசினார்கள். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. பத்து வருடம் வேலை செய்ய ஒப்புக்கொண்ட ஊரில் சில மாதம்கூட இருக்க முடியவில்லை. வேலை வாங்கிக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்கிய சமஸ்தானத்தால், அந்த வேலைக்காரன் ராத்திரி படுக்க ஓர் அறை கொடுக்க முடியவில்லை. அந்த ஷரத்தை முறித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள். இருந்தும் பரோடா செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்டது. கடிதப் போக்குவரத்து வருடக்கணக்கில் நீண்டு, கடைசியில்தான் அந்தக் கணக்கைக் கைவிட்டார்கள்.

1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை, சம்பளம் 450 ரூபாய். சேர்த்து வைத்தார். 1920-ல் நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, இவற்றோடு மறுபடி லண்டன். நான்கு வருட அவகாசத்தில் ஏறக்குறைய மூன்று வருடம் ஓடியிருந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, ராத்திரி அப்பளம் என்று வயிற்றைக் கட்டிப் படித்தார். 1922-ல் பாரிஸ்டர், 1923-ல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்ஸி. பரோடா விலை கொடுத்தது ஒரு பொருளாதார நிபுணருக்கு. வழக்கறிஞரை உருவாக்கிய செலவில் பெரும்பங்கு அவர் சம்பளமும் கடனும்தான்.

அதனால்தான் பிற்காலத்தில் அவர் செய்த ஒரு பேரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த வருடமே லின்லித்கோவிடம் தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை எழுதிக் கொடுத்தார். காசி, அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் கொடுக்கிறீர்களே, எங்கள் பிள்ளைகள் படிக்க என்ன கொடுக்கிறீர்கள் என்பது வாதம். வெளிநாட்டுப் படிப்புக்கும் சேர்த்தே கேட்டார். அந்த 3 லட்சம் கிடைத்தது. இந்த முறை பேரத்தில் அவருக்கென்று ஒரு ரூபாயும் இல்லை.

பள்ளி இறுதிக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிட மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. காலாப்பட்டுக்குப் பஸ் ஏறுகிற பிள்ளைகளில் சிலர் இன்றும் அதற்கு விண்ணப்பிக்கிறார்கள். படிவம் நிரப்ப என்னிடமும் வருவார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் எல்லாம் கேட்கிறார்கள். படித்து முடித்துப் பத்து வருடம் யாரிடமும் வேலை செய்ய வேண்டும் என்ற ஷரத்து மட்டும் அதில் கிடையாது.