விடிந்தால் ஜனவரி ஒன்று!

டிசம்பர் 31 ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சென்னையில் ஏதாவது ஒரு சர்ச் பக்கம் போயிருக்கிறீர்களா? உள்ளே இடம் போதாமல் வாசல்வரை நாற்காலி போட்டிருப்பார்கள். புதுத்துணி சரசரப்பு, அம்மா மடியில் தூங்கி வழியும் குழந்தைகள், பன்னிரண்டு அடித்ததும் கைகுலுக்கல்! 'வாட்ச் நைட் சர்வீஸ்' என்று பெயர். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதால் வந்த 'வாட்ச்' இல்லை. விழித்துக் காத்திருப்பது என்று அர்த்தம்.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியன் சபையார் 1730-களிலேயே இதைச் செய்தார்கள். ஆனால், இங்கிலாந்தில் இது சூடு பிடித்தது யாரால் தெரியுமா? நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளால்! பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட். சனிக்கிழமை ராத்திரி என்றால் மதுக்கடையே கதி என்று கிடந்த ஆட்கள். ஜான் வெஸ்லியின் பிரசங்கம் கேட்டு மனம் மாறினார்கள். சரி, குடியை விட்டாச்சு... அந்த ராத்திரியை என்ன செய்வது? ஒன்றாகக் கூடி, நள்ளிரவு தாண்டியும் ஜெபமும் பாட்டுமாக இருந்தார்கள். 'இதென்ன கூத்து, நிறுத்தச் சொல்லுங்கள்' என்று வெஸ்லியிடம் சிலர் போய் நின்றார்கள். அவரோ 1742-ல் லண்டனிலும் இதை ஆரம்பித்துவிட்டார். மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமை. கூட்டம் முடிந்து இருட்டில் நடந்து வீடு போய்ச் சேர நிலா வெளிச்சம் வேண்டாமா? நடைமுறை தெரிந்த மனிதர்!

1755 ஆகஸ்டில் வெஸ்லி இன்னொன்றும் செய்தார். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சுமார் 1,800 பேர் எழுந்து நின்று, தங்களை முழுசாகக் கடவுளிடம் ஒப்படைப்பதாக உடன்படிக்கை செய்தார்கள். பிற்பாடு அது வருடப் பிறப்பு ஆராதனையாக மாறியது.

'என்னை உம்மிடம் ஒப்படைக்கிறேன்' என்று சொல்ல, முதலில் நான் எனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லாத லட்சக்கணக்கான பேர் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

மெதடிஸ்ட் போதகர்களோடு வாட்ச் நைட்டும் அமெரிக்கா போனது. அங்கே தென் மாநிலங்களில் ஜனவரி 1-க்கு ஒரு தனி அர்த்தம் இருந்தது. முதலாளிமார்கள் கணக்கு முடிக்கும் நாள் அது. கடன் அடைக்க அடிமைகளை விற்பார்கள். இல்லையென்றால் ஒரு வருடக் குத்தகைக்கு வேறு பண்ணைக்கு அனுப்புவார்கள். அடிமைகள் அதற்கு வைத்த பெயர் 'நெஞ்சு வெடிக்கும் நாள்'. அடிமையாக இருந்து தப்பித்த ஹாரியட் ஜேக்கப்ஸ், 1861-ல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில் ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறார். ஏலத்துக்கு ஏழு பிள்ளைகளை அழைத்து வந்தாள். சிலரைத்தான் பிரிப்பார்கள் என்று நினைத்திருந்தாள். ஏழு பேருமே போய்விட்டார்கள்.

அப்படியென்றால் டிசம்பர் 31? குடும்பம் சேர்ந்திருக்கும் கடைசி ராத்திரியாக அது இருக்கலாம். அந்த ஜெபத்தில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1862-க்கு வருவோம். உள்நாட்டுப் போர் உச்சத்தில். 'கலகம் செய்யும் மாநிலங்களில் உள்ள அடிமைகளுக்கு ஜனவரி 1 முதல் விடுதலை' என்று ஆபிரகாம் லிங்கன் செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார். எத்தனை நாள் இருக்கிறது பாருங்கள்... செப்டம்பர் 22-லிருந்து நூறு நாள் சொச்சம்! கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுவாரோ?

டிசம்பர் 31 இரவு கறுப்பின மக்கள் கோயில் கோயிலாகக் கூடிக் காத்திருந்தார்கள். (வாட்ச் நைட்டே அன்றுதான் பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. தவறு, பழைய ராத்திரிக்குப் புது அர்த்தம் வந்தது, அவ்வளவுதான்.) வாஷிங்டனில், பண்ணைகளிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாமில் ஒரு தகப்பன் எழுந்தார். முன்பொரு நாள் ராத்திரி முழுக்க அழுதேன், மறுநாள் காலை என் மகளை விற்றுவிட்டார்கள், இனி அது நடக்காது என்று சொன்னார். மகள் திரும்பி வரப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் வெள்ளை மாளிகையில் புத்தாண்டு வரவேற்பு. மணிக்கணக்கில் கைகுலுக்கி லிங்கனின் வலது கை மரத்துவிட்டது. கை நடுங்கினால், 'தயங்கினான்' என்று நாளைக்குச் சொல்வார்களே என்று பேனாவைக் கீழே வைத்து, சற்று நேரம் கழித்து மெதுவாக, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாஸ்டனில் ஃபிரெடரிக் டக்ளஸும் கூட்டத்தாரும் எட்டு மணி, ஒன்பது, பத்து என்று நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாகத் தந்தியில் செய்தி வந்தது. கட்டிப்பிடித்து அழுதார்கள். நள்ளிரவில் அந்த மண்டபத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், பக்கத்திலிருந்த பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் போய்த் தொடர்ந்தார்கள்!

லிங்கன் பக்கம் நின்ற மேரிலாண்ட், கென்டக்கி போன்ற எல்லை மாநில அடிமைகளுக்கு அந்தக் கையெழுத்து செல்லாது. 1865 டிசம்பரில் பதின்மூன்றாவது சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் நாடு முழுக்க ஏலத்துக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி விழுந்தது. இன்றும் அமெரிக்கக் கறுப்பினச் சபைகள் பலவற்றில் அந்த இரவை 'விடுதலையின் முந்தைய இரவு' என்றே சொல்கிறார்கள். மறுநாள் பல வீடுகளில் அரிசியோடு சேர்த்துச் சமைப்பது, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல் காலத்தில் வந்து சேர்ந்த, நமக்கும் தெரிந்த காராமணி.