எண்ணூரின் சாம்பலும் கமுதியின் கண்ணாடியும்

1943 அக்டோபரில், வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், மின்சாரக் கொள்கைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்பினார். மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா? மின்சாரம் எதற்காக? மக்கள் வறுமையிலிருந்து மீளத் தொழில்மயம் வேண்டும், அதற்கு மலிவான மின்சாரம் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். சூரிய மின்சாரத்தையும் நாம் இந்தக் கேள்விகளைக் கொண்டே எடைபோட வேண்டும்.

முதலில் வடசென்னையின் கணக்கைப் பார்ப்போம். 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் இயங்கத் தொடங்கி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 1990களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2010களில் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் வந்தன. இந்திய நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். குழாய்கள் உடைந்து அது கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. இறாலும் நண்டும் குறைந்தன. தலித் மக்கள் வாழும் செப்பாக்கம் சாம்பல் குளத்தை ஒட்டியே கிடக்கிறது. மின்சாரம் மாநிலம் முழுக்கப் போனது. சாம்பல் மட்டும் இங்கே தங்கியது.

எனவே சாம்பல் இல்லாத மின்சாரத்தை நம்மைவிட அதிகமாக விரும்புகிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் சூரியன் மறைந்த பிறகுதான் வீடுகளில் மின்தேவை ஏறுகிறது. பகல் மின்சாரத்தைச் சேமிக்கப் போதிய ஏற்பாடு இல்லாதவரை எண்ணூரின் கொதிகலன்கள் அணையாது. 2024 மார்ச்சில்கூட வடசென்னையில் புதிதாக 800 மெகாவாட் அலகு திறக்கப்பட்டது.

அடுத்தது நிலம். 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் திறந்தது. அதற்குச் சுமார் 2,500 ஏக்கர், அதாவது ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர். இப்படி நிலம் கைமாறும்போது பட்டாதாரருக்கு விலை கிடைக்கும். அதில் களை பறித்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் எதுவும் கிடைக்காது. கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருக்கும். ஓடத் தொடங்கியபின் சிலரே போதும்.

இத்தகைய திட்டங்கள் தேடிப் போவது பெரும்பாலும் 'தரிசு' என்று எழுதப்பட்ட நிலத்தை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நமக்கு ஒரு வரலாறு உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் தரிசு நிலங்கள் பஞ்சமி நிலங்களாக நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிறருக்கு விற்கத் தடை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப்போனது. அதை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள்.

மூன்றாவது கூரை. 2024-ல் வந்த ஒன்றிய அரசுத் திட்டம் 3 கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதற்குச் சொந்தக் கூரை வேண்டும். திருவொற்றியூரில் வாடகைக்கு இருப்பவரிடமும், எர்ணாவூரில் ஒரே மொட்டைமாடியின் கீழ் பல குடும்பங்களாக வாழும் குடியிருப்புவாசிகளிடமும் அது எங்கே இருக்கிறது? அவர்களுக்குக் கூட்டுக் கூரைத் திட்டம் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வட்டத்தில் சூரியப் பூங்கா வருகிறதென்றால், அந்தச் சர்வே எண்களுக்குரிய பழைய அ-பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'பஞ்சமி' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று, வேலி போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.