டெஸ்டோஸ்டிரோன் மாற்றுச் சிகிச்சையின் வரலாறும் இளம் ஆண்களின் முடிவும்

டெஸ்டோஸ்டிரோன் மாற்றுச் சிகிச்சை என்பது, உடல் போதிய அளவு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்காத ஆண்களுக்கு அந்த ஹார்மோனை ஊசி, ஜெல், தோலில் ஒட்டும் பட்டை முதலிய வடிவங்களில் வெளியிலிருந்து கொடுக்கும் மருத்துவ முறையாகும். பிறவிக் கோளாறு, நோய், காயம், அறுவை ஆகியவற்றால் விரைகளோ பிட்யூட்டரி சுரப்பியோ செயலிழந்தவர்களுக்காக இச்சிகிச்சை உருவானது. இன்றோ களைப்பு, மனச்சோர்வு, பாலியல் ஆர்வக் குறைவு, தசை வளராமை போன்ற காரணங்களுக்காக இருபது, முப்பது வயது இளைஞர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். தொடங்குவது எளிது, நிறுத்துவது அவ்வளவு எளிதன்று. ஆகவே இளைஞர் ஒருவர் எடுக்கும் இந்த முடிவு அவருடைய வாழ்வின் பல ஆண்டுகளைப் பாதிக்கக்கூடியது. இம்மருந்து உருவான வரலாற்றை அறிந்தால், முடிவெடுக்கும் முன் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

சேவல் சோதனை

காளைக்குக் காயடித்தால் அதன் முரட்டுத்தனம் அடங்கி ஏருக்கும் வண்டிக்கும் பணியும் என்பது உழவர்கள் தொன்றுதொட்டு அறிந்த செய்தி. விரைகளுக்கும் ஆண் தன்மைக்கும் தொடர்பு உண்டு என்பது இவ்வாறு எல்லாச் சமூகங்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அத்தொடர்பு எவ்வழியாக நிகழ்கிறது என்பது தெரியவில்லை.

இதற்கான முதல் விடையை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்ட் பெர்தோல்ட் 1849இல் வெளியிட்டார். அவர் 6 இளஞ்சேவல்களைக் கொண்டு சோதனை செய்தார். விரைகள் முழுவதும் நீக்கப்பட்ட சேவல்களுக்குக் கொண்டை சரியாக வளரவில்லை; அவை கூவவில்லை; சண்டையிடவில்லை; பெட்டைகளை நாடவில்லை. விரை நீக்கப்பட்டு, வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் மீண்டும் வைக்கப்பட்டவையோ இயல்பான சேவல்களாகவே வளர்ந்தன. இடம் மாறிய விரைக்கு பழைய நரம்புத் தொடர்பு இல்லை. புதிய குருதி நாளங்கள் மட்டுமே உருவாகியிருந்தன. எனவே விரை ஏதோ ஒன்றைக் குருதியில் கலக்கிறது, அதுவே உடல் முழுவதையும் மாற்றுகிறது என்று பெர்தோல்ட் முடிவு செய்தார். 'ஹார்மோன்' என்ற சொல்லை எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் பயன்படுத்துவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தைய கண்டுபிடிப்பு இது.

இச்சோதனை காட்டிய உண்மை எளியது. இல்லாத ஒன்றை ஈடு செய்தால் பலன் உண்டு. ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்போது மேலும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை. பின்னர் வந்த குழப்பங்கள் பலவும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் நேர்ந்தவை.

பிரௌன்-செக்கார்டின் ஊசி

1889ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று, பாரிஸ் உயிரியல் கழகத்தின் கூட்டத்தில் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர் சார்லஸ்-எடுவார்ட் பிரௌன்-செக்கார்ட் ஓர் அறிக்கையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 72. நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசியாகச் செலுத்திக்கொண்டதாகவும், உடல் வலிமையும் அறிவுழைப்புத் திறனும் திரும்பிவிட்டதாகவும் அவர் கூறினார். செய்தி பரவியதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இத்தகைய சாறுகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினர்.

விரைகள் டெஸ்டோஸ்டிரோனை உற்பத்தி செய்கின்றனவே தவிர, பெருமளவில் சேமித்து வைப்பதில்லை. மேலும் அது நீரில் எளிதில் கரையாது. ஆகவே நீர் கலந்து வடித்த அச்சாற்றில் பயன் தரும் அளவு ஹார்மோன் இருந்திருக்க முடியாது. அவர் உணர்ந்த மாற்றம் நம்பிக்கையின் விளைவு என்றே இன்று கருதப்படுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நலமாக உணர்ந்தார். பயிற்சி பெற்ற ஓர் அறிவியலாளரையே அந்த உணர்வு ஏமாற்றியது என்பதுதான் இங்குக் கவனிக்கத்தக்கது. 'ஊசி போட்டதும் புத்துணர்ச்சி வந்தது' என்ற அனுபவக் கூற்று எதற்கும் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

இளமையைத் தேடிய அறுவைகள்

1920களில் இந்த நம்பிக்கை அறுவை அரங்குக்குச் சென்றது. வியன்னாவின் ஆய்கன் ஷ்டைனாக், விந்து நாளத்தைக் கட்டிவிட்டால் விரையின் ஹார்மோன் சுரப்பு பெருகும் என்று கருதினார். சிக்மண்ட் பிராய்ட் 1923இலும் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1934இலும் இவ்வறுவையைச் செய்துகொண்டனர். பிரான்சில் செர்கே வோரனோஃப் குரங்கு விரையின் மெல்லிய துண்டுகளைச் செல்வந்தர்களின் உடலில் பதித்தார். அயல் உயிரியின் திசுவை உடல் ஏற்காது என்பதால் அத்துண்டுகள் நெடுநாள் உயிருடன் இருக்க வழியில்லை. இவ்விரு முறைகளும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன.

தூய ஹார்மோன் கிடைத்தது

அதே காலத்தில் வேதியியலாளர்கள் பொறுமையாக வேறு வழியில் சென்றனர். 1927இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் காக், லெமுவல் மெகீ இருவரும் ஏறத்தாழ 18 கிலோ காளை விரைகளிலிருந்து 20 மில்லிகிராம் சாரத்தைப் பிரித்தனர். காயடித்த சேவல்களுக்கு அதைச் செலுத்தியபோது கொண்டை வளர்ந்தது. 1931இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனாண்ட், 15,000 லிட்டர் ஆண் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோனைப் பெற்றார்.

1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கியூரின் குழு, ஏறத்தாழ 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் தூய ஹார்மோனைப் பிரித்து அதற்கு 'டெஸ்டோஸ்டிரோன்' என்று பெயரிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பூட்டனாண்டும், சூரிக்கைச் சேர்ந்த லியோபோல்ட் ருஷிச்காவும் தனித்தனியே அதைக் கொலஸ்டிராலிலிருந்து செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டனர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் அறிவிக்கப்பட்டது. நாஜி அரசின் கட்டாயத்தால் பூட்டனாண்ட் அப்போது அதை ஏற்க முடியவில்லை. போருக்குப் பிறகே பெற்றுக்கொண்டார்.

இனி டன் கணக்கில் காளை விரைகள் தேவையில்லை. 1930களின் இறுதியில் டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியனேட் ஊசி மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. 1950களில் நீண்ட நேரம் செயல்படும் எனாந்தேட் ஊசியும், 1990களில் தோலில் ஒட்டும் பட்டைகளும், 2000இல் அமெரிக்காவில் ஜெல்லும் வந்தன.

பிட்யூட்டரியின் பதில்

இளைஞர்களைப் பொறுத்தவரை மிக முக்கியமான கண்டுபிடிப்பு, ஹார்மோன் தூய வடிவில் கிடைப்பதற்கு முன்பே நிகழ்ந்தது. சிகாகோவின் கார்ல் மூர், டோரதி பிரைஸ் ஆகியோர் 1932இல் பாலினச் சுரப்பிகளும் பிட்யூட்டரியும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்று விளக்கினர். பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரு ஹார்மோன்களை அனுப்பி விரைகளை இயக்குகிறது. குருதியில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு இருப்பதை உணர்ந்தால் அனுப்புவதைக் குறைத்துவிடுகிறது. வெளியிலிருந்து வந்த டெஸ்டோஸ்டிரோனையும் அது அவ்வாறே கணக்கிடுகிறது. கட்டளை நின்றதும் விரைகள் வேலையை நிறுத்துகின்றன, நாளடைவில் சுருங்குகின்றன.

விந்தணு உருவாவதற்கு விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அளவு குருதியில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். ஊசி மூலம் குருதியில் ஏறும் ஹார்மோனால் அந்த அளவை விரைக்குள் எட்ட முடியாது. எனவே 'ஆண்மை ஊசி' என்று எண்ணப்படும் மருந்தே விந்தணு உற்பத்தியை நிறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அவ்வாய்வில் 7 நாடுகளைச் சேர்ந்த 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் கொடுக்கப்பட்டது. அவர்களுள் விந்தணு முற்றிலும் இல்லாமல் போன 157 பேர் ஓராண்டுக்கு வேறு கருத்தடை இன்றி வாழும் கட்டத்துக்குச் சென்றனர். அவர்களின் துணைவியருள் ஒருவரே கருவுற்றார்.

நிறுத்திய பின் பெரும்பாலும் விந்தணு மீள்கிறது. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய கருத்தடைச் சோதனைகளில் பங்கேற்றவர்களுள் 67 விழுக்காட்டினர் 6 மாதங்களிலும், 90 விழுக்காட்டினர் 12 மாதங்களிலும் மில்லிலிட்டருக்கு 2 கோடி விந்தணுக்கள் என்ற நிலைக்குத் திரும்புவர் என்று கணித்தது. ஆனால் அவர்கள் தொடக்கத்தில் நலமான விந்தணு எண்ணிக்கை உடையவர்கள். மேற்பார்வையில் குறிப்பிட்ட காலம் மட்டும் ஊசி பெற்றவர்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் பேரளவில் ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கு இக்கணக்கை அப்படியே பொருத்த இயலாது.

உண்மையான குறைபாடு

இவற்றையெல்லாம் படித்துவிட்டு இச்சிகிச்சையே தீங்கானது என்று எண்ணிவிடக் கூடாது. 1942இல் ஹாரி கிளைன்ஃபெல்ட்டர் சில ஆண்களிடம் சிறிய விரைகள், மார்பு வளர்ச்சி, விந்தணு இன்மை ஆகியவை சேர்ந்து காணப்படுவதை விவரித்தார். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பதே இதன் காரணம் என்று 1959இல் தெரிந்தது. 1944இல் கால்மன் குழுவினர், பருவ வளர்ச்சி தொடங்காமையும் மணம் உணர இயலாமையும் ஒரே குடும்பங்களில் சேர்ந்து வருவதைப் பதிவு செய்தனர். இத்தகையோருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்காவிட்டால் எலும்பு வலுவிழக்கும்; தசையும் உடல் மயிரும் குரலும் முதிராது; இரத்தசோகையும் வரலாம். வெட்கத்தால் மருத்துவரிடம் செல்லாமல் இருபதுகளைக் கடத்திவிடும் இளைஞர் இழப்பதும் பெரிது.

யாருக்கு உண்மையான குறைபாடு என்பதைப் பிரித்தறியும் முயற்சியும் அக்காலத்திலேயே தொடங்கியது. 1944இல் கார்ல் ஹெல்லர், கோர்டன் மையர்ஸ் இருவரும் பாலியல் குறைபாடு கூறிவந்த ஆண்களை ஆராய்ந்தனர். விரை செயலிழந்ததால் பிட்யூட்டரி ஹார்மோன் உயர்ந்திருந்தவர்கள் டெஸ்டோஸ்டிரோனால் பயனடைந்தனர். அந்த அளவு இயல்பாக இருந்தவர்களுக்கு, அதாவது குறை மனத்தைச் சார்ந்திருந்தவர்களுக்கு, மருந்து பலன் தரவில்லை.

அளவீடும் சந்தையும்

ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் உருவாக்கிய கதிரியக்க நோய்எதிர்ப்பு அளவீட்டு முறையால் ஹார்மோன்களை ஒரு துளிக் குருதியில் அளக்க முடிந்தது. நோயறிதல் தெளிவானது, ஆனால் ஓர் எண்ணைக் காட்டி அச்சமூட்டவும் வழி பிறந்தது. ஜெல் வந்த பிறகு அமெரிக்காவில் 'லோ டி' என்ற சொல்லைக் கொண்ட விளம்பரங்கள் பெருகின. 2001இல் 40 வயதைக் கடந்த அமெரிக்க ஆண்களுள் 0.81 விழுக்காட்டினர் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தனர். 2011இல் அது 2.91 விழுக்காடாயிற்று. 2015இல் அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகம், முதுமையால் வரும் குறைவுக்கு இம்மருந்தின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று எச்சரித்தது.

2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, 45 முதல் 80 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் மருந்தால் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பு, நுரையீரல் குருதிக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை சற்று அதிகமாகக் காணப்பட்டன. இருபது வயதில் தொடங்கி நாற்பது ஆண்டுகள் எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இவ்வாய்வு விடை தரவில்லை.

முடிவெடுக்கும் முன்

இவ்வரலாற்றிலிருந்து இளைஞர் ஒருவர் தமக்குள்ளும் மருத்துவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, குறைவு உண்மையா? டெஸ்டோஸ்டிரோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும். ஆகவே வெறும் வயிற்றில், காலை வேளையில், வெவ்வேறு இரு நாட்களில் சோதிக்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமை எல்லையாகக் கொள்கிறது. எண் மட்டும் போதாது. அறிகுறிகளும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, காரணம் என்ன? எல்எச், எஃப்எஸ்எச் அளவுகள் கோளாறு விரையிலா மேலேயா என்பதைக் காட்டும். மேலே என்றால் பிட்யூட்டரிக் கட்டி உள்ளதா என்றும் பார்க்க நேரிடலாம். உடற்பருமன், அபினி வகை வலிநிவாரணிகள், முன்பு எடுத்த ஸ்டீராய்டுகள், தூக்கமின்மை ஆகியவையும் அளவைக் குறைக்கும். 2011இல் சிகாகோவில் நடந்த ஒரு சிறு ஆய்வில், நலமான 10 இளைஞர்கள் ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் உறங்கியபோது அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தது. காரணத்தை நீக்கினால் பலருக்கு மருந்தே தேவைப்படாது.

மூன்றாவது, குழந்தை வேண்டுமா? விரைவில் குழந்தை பெற விரும்புவோருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்க வேண்டாம் என்று நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. பிட்யூட்டரிக் குறைபாடு உள்ளவர்களுக்கு எச்சிஜி, எஃப்எஸ்எச் ஊசிகள் விரையையே இயக்கி விந்தணுவை உருவாக்க உதவும். சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமித்து வைப்பதும் ஒரு வழி.

நான்காவது, கண்காணிப்பு உண்டா? டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். குருதியில் அவற்றின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்திக் காரணம் காண வேண்டும். இதற்குக் காலமுறைக் குருதிச் சோதனை தேவை. மருந்துக் கடையிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ வாங்கும் ஊசியுடன் அச்சோதனை வருவதில்லை.

பெர்தோல்டின் சேவல்கள் முதல் இன்றைய ஆய்வுகள் வரை ஒரே செய்தியே திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது. உடலில் இல்லாததை ஈடு செய்யும்போது இம்மருந்து ஒருவரின் வாழ்வையே மாற்றுகிறது. இருப்பவருக்குக் கொடுத்தால், உடல் தானே செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அந்த வேலையை ஊசியிடம் ஒப்படைக்கிறது. தாம் இவ்விருவருள் யார் என்பதை உறுதி செய்துகொள்ளச் சில வாரங்களும் சில குருதிச் சோதனைகளும் போதும். பிறவிக் குறைபாடு உள்ள பலர் சிகிச்சையைப் பல பத்தாண்டுகளுக்குத் தொடர வேண்டியிருக்கும் என்பதை எண்ணினால், அந்தச் சில வாரங்கள் நீண்டவை அல்ல.