சராசரிக்கு வெளியே நிற்போர்: அரசுக் கல்லூரி ஆசிரியர் ஊதிய ஏற்றத்தாழ்வும் புள்ளியியல் அளவைகளும்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நேரடித் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அருகருகே பணிபுரிகின்றனர். தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு இவ்விரு பிரிவினரையும் தனித்தனியே எண்ணுகிறது. அதே வட்டாரத்தின் பொன்னேரி உள்ளிட்ட தமிழக அரசு கலைக் கல்லூரிகளிலும் நிரந்தர உதவிப் பேராசிரியர், கௌரவ விரிவுரையாளர் என இரு பிரிவினர் உள்ளனர். இப்பிரிவினையைக் கருதாத ஊதிய ஆய்வு ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஊதிய வரலாறு

ஆறாம் ஊதியக் குழுவின் வழி உதவிப் பேராசிரியரின் தொடக்க ஊதியம் தர ஊதியம் உட்பட ரூ.21,600 ஆக இருந்தது. ஏழாம் ஊதியக் குழுவில் அது 2.67 மடங்காகி ரூ.57,700 ஆயிற்று. அகவிலைப்படி இதனுடன் சேரும். கௌரவ விரிவுரையாளருக்கோ தொகுப்பூதியம் மட்டுமே உண்டு. அது 2023இல் ரூ.20,000இலிருந்து ரூ.25,000 ஆக உயர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் பாடவேளைக்கு ரூ.1,500, மாதத்திற்கு அதிகபட்சம் ரூ.50,000 என வரையறுத்திருந்தது.

அளவைகளின் தேர்வு

25 விழுக்காட்டு உயர்வு வளர்ச்சி வீதமாகப் பெரிதாகத் தோன்றும். ஆயின், 2023 சூலையின் 46 விழுக்காட்டு அகவிலைப்படியைச் சேர்த்தால் நிரந்தர ஆசிரியரின் தொடக்க ஊதியம் ரூ.84,242 ஆகும். தொகுப்பூதியம் அதில் 30 விழுக்காட்டையும் எட்டவில்லை.

60 நிரந்தரப் புதியவர்களும் 40 கௌரவ விரிவுரையாளர்களும் கொண்ட ஒரு கல்லூரியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நிரந்தரத்தாரை மட்டும் கணக்கிட்டால் கினி கெழு சுழியம். அனைவரையும் சேர்த்தால் அது 0.235. சராசரியான ரூ.60,545ஐ அங்கே எவரும் பெறுவதில்லை. இடைநிலை அளவோ ரூ.84,242 எனக் காட்டி நாற்பதின்மரை முற்றிலும் மறைக்கிறது. 1967இல் தெய்ல் முன்வைத்த குறியீட்டைப் பிரிவுகளுக்கு உள்ளேயும் இடையேயும் எனப் பகுக்க இயலும். இங்கே ஏற்றத்தாழ்வு முழுவதும் பிரிவுகளுக்கு இடையிலானது என அது காட்டும். எனவே இத்தகைய ஆய்வுக்கு அதுவே பொருத்தமான அளவை.

முடிவுரை

மானியக் குழு வரையறுத்த ரூ.50,000ஐ வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஆணையிட்டது. அத்தொகையை மேற்கண்ட எடுத்துக்காட்டில் இட்டால் கினி கெழு ஏறத்தாழ 0.12 ஆகக் குறையும். ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய பாதியாகும், அற்றுப்போகாது. தொழிற்சாலைக் கணக்கெடுப்பைப் போன்று கல்லூரி ஊதியத் தரவும் பணிநிலை வாரியாக வெளியிடப்பட்டால்தான் இம்மாற்றத்தை உண்மைத் தரவு கொண்டு அளக்க இயலும்.