நித்தியகல்யாணியும் குறுந்தோட்டியும்

நித்தியகல்யாணியை நம் ஊர்ச் செடி என்றே நினைத்திருந்தேன். அதன் பிறப்பிடம் மடகாஸ்கர். ஐரோப்பியரின் கப்பல்கள் வந்த பிறகே அது இந்தியாவுக்கு வந்தது. சரகரும் வாக்படரும் அதை அறிந்திருக்க வழியில்லை.

1952இல் ஜமைக்காவிலிருந்து அதன் இலைகள் டொராண்டோ மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அங்கே நீரிழிவுக்கு அதைக் கஷாயமாகக் குடித்தார்கள். அவர் அவற்றைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ஒன்டாரியோவின் லண்டன் நகரில், ராபர்ட்டின் ஆய்வகத்தில், எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அவரும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து எலி லில்லி நிறுவனம் பிரித்தெடுத்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதுதான் முக்கிய மருந்துகளில் ஒன்று.

செல் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்களை அது உருவாகவிடாது. நரம்புகளும் தமக்கு வேண்டியவற்றை அந்த நுண்குழல்கள் வழியாகவே கடத்துகின்றன. அதனால் நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும். கால்விரலும் கைவிரல் நுனியும் மரத்துப்போகும்.

லிம்போமாவுக்கு இம்மருந்தை எடுத்துக்கொண்ட என் அத்தையால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. "ஆயிரம் வருஷத்து மருந்து" என்று சொல்லி, நாகர்கோவிலிலிருந்து க்ஷீரபலா தைலத்தையும் சில மாத்திரைகளையும் அனுப்பினார்கள்.

குறுந்தோட்டி, பால், நல்லெண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் அந்தத் தைலம் பழையதுதான். காலில் கூச்சம் எடுக்கும் பாதஹர்ஷமும் எரியும் பாததாஹமும் அஷ்டாங்க ஹ்ருதயத்தில் உண்டு. ஆனால் கீமோதெரபி தரும் நரம்புப் பாதிப்புக்கு வயது எண்பதுகூட இல்லை. நோய்க்குறி பழையது, காரணம் புதியது. இதற்கென்றே முன்னோர் மருந்து சொன்னார்கள் என்பது வரலாறு ஆகாது.

நவீன மருத்துவமும் பெருமைப்பட அதிகமில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2014இலும் 2020இலும் வெளியிட்ட வழிகாட்டிகள், இந்த வலிக்குப் பரிந்துரைத்த ஒரே மருந்து டுலாக்ஸெடின். அதுவும் ஓரளவே உதவும். அந்த வெற்றிடத்தில்தான் தைலம் வந்து நிற்கிறது. இதமான கையால் தேய்த்துவிடுவதில் ஆறுதல் உண்டு. மாத்திரைகள் வேறு கதை. பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. ஈயமும் ஆர்செனிக்கும் நரம்பையே கெடுப்பவை.

தைலத்தை அத்தை வைத்துக்கொண்டார். மாத்திரைகளைப் பிரிக்காமல் அப்படியே புற்றுநோய் மருத்துவரிடம் எடுத்துப் போனோம்.